கூட்டாளி விலகலும் ஓஜி அணியும்

(நம் சங்கத்தின் மூத்தோர் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கூட்டத்தில் மூட்டு வலி பற்றிக் கேட்டோம். அதற்கு முந்தைய கூட்டத்தில் உயில் எழுதுவது பற்றி. இரண்டுமே நமக்கு வேண்டியவைதான். ஆனாலும் நாம் கூடினாலே வலியும் உயிலும்தானா என்று செயலாளர் கேட்டார். அதனால்தான் இந்தத் தலைப்பு. கம்ப்யூட்டர் விளையாட்டைத் தொழிலாகவே ஆடும் ஓர் அணி, ஓஜி என்று பெயர். அதற்குள் வந்தவர்கள், போனவர்கள், போய்விட்டுத் திரும்பி வந்தவர்கள் கதையைச் சொல்லப் போகிறேன்.

நான் பி.காம் படித்து, வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளார்க்காகவே ஓய்வு பெற்றவன். இந்த ஆட்டத்தை ஆடத் தெரியாது. பேரன் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் பழக்கம். திரையில் ஓடும் வெளிச்சமும் வெடியும் பாதி எனக்குப் பிடிபடுவதில்லை. ஆனால் யார் எப்போது சேர்ந்தார், யார் ஏன் விலகினார் என்று அவன் சொல்லச் சொல்ல, கல்லூரியில் படித்த கூட்டாண்மைக் கணக்கு வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. கூட்டாளி சேர்ப்பு, கூட்டாளி விலகல், நற்பெயர் மதிப்பீடு. அந்த வழியாகத்தான் எனக்கு இந்தக் கதை புரிந்தது. உங்களுக்கும் அந்த வழியிலேயே சொல்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். நோட்டீஸ் போர்டில் தலைப்பைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ரம்மியா?" என்று இரண்டு பேர் கேட்டார்கள். ரம்மி இல்லை. பணம் கட்டிச் சூதாடுவது வேறு, இது வேறு. 2025-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டமே, பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்துவிட்டு, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாகப் பிரித்து அங்கீகரித்திருக்கிறது. ஓஜி ஆடும் டோட்டா 2 என்ற இந்த ஆட்டம், 2023-இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கத்துக்கு உரிய ஆட்டமாக இருந்தது.

ஆட்டம் என்ன என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்துக்கு ஐந்து பேர். எதிராளியின் கோட்டைக்குள் இருக்கும் மூலக் கட்டடத்தை முதலில் இடிப்பவர்களுக்கு வெற்றி. நூற்றுக்கும் மேற்பட்ட பாத்திரங்களில் ஆளுக்கு ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு ஆட வேண்டும். ஒரு ஆட்டம் முக்கால் மணி நேரம் போகலாம், அதற்கு மேலும் போகலாம்.

நமக்கு முக்கியமானது இதற்குள் இருக்கும் தங்கக் கணக்கு. களத்தில் கிடைக்கும் தங்கத்துக்கு அளவு உண்டு. அதைக் கொண்டுதான் ஆயுதம் வாங்க வேண்டும். ஐந்து பேரும் சமமாகப் பங்கிட்டுக்கொண்டால் ஐந்து பேருமே அரைகுறையாக நிற்பார்கள். அதனால் ஆட்டக்காரர்களுக்கு ஒன்று முதல் ஐந்து வரை நம்பர் வைத்திருக்கிறார்கள். ஒன்றாம் நம்பருக்குப் பெரும் பங்கு, அவர்தான் கடைசியில் வந்து அடித்து நொறுக்குபவர். ஐந்தாம் நம்பருக்கு மிச்சம் மீதி. மற்றவர்களைக் காப்பாற்றுவது, எதிரி வரும் வழியில் கண்காணிப்புப் பொருளைப் பதித்து வைப்பது, தேவைப்பட்டால் தான் செத்து அடுத்தவரைத் தப்ப வைப்பது, இதெல்லாம் அவர் வேலை. இலாபப் பகிர்வு விகிதம் என்று நாம் படித்தோமே, அதேதான். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் மட்டும்தான் இல்லை.

இனி அணிக்கு வருகிறேன். 2015-இல் ஐந்து பேர் சேர்ந்தார்கள். டென்மார்க்கைச் சேர்ந்த யோஹான் சுண்ட்ஸ்டீன், இஸ்ரேலைச் சேர்ந்த டால் ஐசிக் என்ற இருவரும்தான் தொடக்கக் கூட்டாளிகள். ஆட்டத்தில் இவர்களுக்குப் புனைபெயர்தான். சுண்ட்ஸ்டீன் நோட்டெய்ல், ஐசிக் ஃப்ளை. பல வருஷங்களாக ஒன்றாக ஆடியவர்கள், வேறு அணிகளில் சேர்ந்து, அங்கே நிலைக்காமல் வெளியே வந்தவர்கள். சீக்ரெட் என்ற பெரிய அணியின் முதல் ஐவரில் இருவருமே இருந்தார்கள். ஒரு வருஷம்கூடத் தாங்கவில்லை. அதனால் முதலாளி என்று ஒருவர் மேலே இல்லாமல், ஆட்டக்காரர்களே நடத்தும் அணியாகத் தங்கள் அணியை அமைத்துக்கொண்டார்கள். நட்புதான் மூலதனம். கூடச் சேர்ந்தவர்கள் டென்மார்க்கின் கிரிட், ஜோர்டானின் மிராக்கிள், கனடாவின் மூன்மியாண்டர். முதலில் மங்கி பிசினஸ் என்று பெயர் வைத்திருந்தார்கள். அதே வருஷம் அக்டோபர் கடைசியில் ஓஜி ஆனார்கள்.

பெயர் மாற்றிய மூன்றே வாரத்தில், ஜெர்மனியில் நடந்த ஃபிராங்க்ஃபர்ட் மேஜர் போட்டியில் பட்டம் வென்றார்கள். இறுதியில் தோற்றது யார் தெரியுமா? அதே சீக்ரெட். பரிசு 10 லட்சம் டாலருக்கு மேல். அடுத்த ஜூனில் மணிலா மேஜரையும் வென்றார்கள்.

2016 ஆகஸ்டில் அமெரிக்காவின் சியாட்டிலில் உலகக் கோப்பை. தி இன்டர்நேஷனல் என்று அதற்குப் பெயர். ஆட்டத்தை உருவாக்கிய வால்வ் நிறுவனமே வருஷா வருஷம் நடத்துவது. இவர்கள்தான் ஜெயிப்பார்கள் என்று பலரும் நினைத்தார்கள். முதல் எட்டு இடத்துக்குள்கூட வரவில்லை. போட்டி முடிந்ததும் கிரிட், மிராக்கிள், மூன்மியாண்டர் மூவரும் போய்விட்டார்கள். ஐந்தில் மூன்று! நம் கிளையில் மே மாதம் டிரான்ஸ்ஃபர் லிஸ்ட் வந்து கேஷ் கவுண்டரில் ஒருவர் மாறினாலே இரண்டு வாரம் வரிசை வாசல் வரை நிற்கும். இங்கே மூன்று பேர்.

புதிதாக வந்தவர்கள் ஆஸ்திரேலியாவின் அனா, ஸ்வீடனின் எஸ்ஃபோர், பின்லாந்தின் ஜெராக்ஸ். (நம் தெருமுனைக் கடை ஜெராக்ஸ் இல்லை, ஆளின் பெயர்தான்.) இந்த ஐந்து பேர் 2016 டிசம்பரில் பாஸ்டன் மேஜரையும், 2017 ஏப்ரலில் கீவ் மேஜரையும் வென்றார்கள். வால்வ் அந்தக் காலத்தில் நடத்திய மேஜர்கள் மொத்தம் ஐந்து. அதில் நான்கு ஓஜிக்கு. ஆனால் 2017 உலகக் கோப்பையிலும் பாதி வழியிலேயே வெளியேறினார்கள். அனா ஓய்வு வேண்டும் என்று ஊருக்குப் போய்விட்டார். பதினேழு வயதுப் பையன், போகத்தான் செய்வான். அவர் இடத்துக்கு உக்ரைனிலிருந்து ஒருவர் வந்தார், சில மாதத்தில் அவரும் போனார். 2018 தொடக்கத்தில் வேறு வழியில்லாமல் பயிற்சியாளரே நாற்காலியில் உட்கார வேண்டியதாயிற்று. பிரான்ஸைச் சேர்ந்த செபாஸ்டியன் டெப்ஸ். செப் என்பார்கள்.

இங்கேதான் கதை சூடு பிடிக்கிறது. 2018 மே மாதக் கடைசி. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்குச் சில வாரங்களே பாக்கி. ஃப்ளையும் எஸ்ஃபோரும் விலகி, ஈவில் ஜீனியசஸ் என்ற அமெரிக்க அணியில் சேர்ந்துவிட்டார்கள். பழைய கிரிட்டும் அங்கேதான் இருந்தார். நோட்டெய்லுக்கு இது சாதாரண டிரான்ஸ்ஃபர் இல்லை. கூடவே தொழில் தொடங்கிய கூட்டாளி, பல வருஷ நண்பர், எதிர்க்கடைக்குப் போகிறார்.

என் பேரனும் அவன் நண்பர்களும் ஃப்ளையைத் துரோகி என்றே சொல்கிறார்கள். இந்த ஒரு விஷயத்தில் எனக்கும் அவனுக்கும் இரண்டு நாள் விவாதம் நடந்தது. நான் சொன்னேன்: "தம்பி, 1932-ஆம் வருஷக் கூட்டாண்மைச் சட்டம் 36-ஆம் பிரிவைப் பார். விலகிய கூட்டாளி போட்டித் தொழில் நடத்தலாம், விளம்பரமும் செய்துகொள்ளலாம். பழைய நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தக் கூடாது, அதன் வாடிக்கையாளரை இழுக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒருவன் வாழ்நாள் முழுக்க ஒரே கடையில் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை." அவன் சட்டென்று கேட்டான், "சரி தாத்தா, ஆனா பரீட்சைக்கு முந்தின வாரம் போவாங்களா?" அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. விலகும் உரிமை வேறு, விலகும் நேரம் வேறு. நம்மூரில் மார்ச் 31 கணக்கு முடிக்கும் இரவில் சாவியை மேஜையில் வைத்துவிட்டுப் போகும் ஆளை யாரும் வாழ்த்தி அனுப்புவதில்லை. ஆனாலும் துரோகி என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. அந்த வருஷ விதிப்படி, சீசன் நடுவில் ஆள் மாற்றிய அணிக்கு நேரடி அழைப்பு கிடையாது. அதனால் ஓஜி மட்டுமல்ல, இவர்களைச் சேர்த்துக்கொண்ட ஈவில் ஜீனியசஸும் யார் வேண்டுமானாலும் கலந்துகொள்ளும் திறந்த தகுதிச் சுற்றிலிருந்துதான் ஏறி வர வேண்டியிருந்தது. போனவர்களும் அந்த விலையைக் கொடுத்தார்கள்.

மிச்சம் இருந்தவர்கள் மூன்று பேர். நோட்டெய்ல், ஜெராக்ஸ், பயிற்சியாளராக இருந்த செப். ஊருக்குப் போன அனாவைத் திரும்பக் கூப்பிட்டார்கள், வந்தார். ஐந்தாவதாக டாப்சன் என்ற 20 வயதுப் பின்லாந்துக்காரர். வீட்டில் உட்கார்ந்து ஆடிப் பெயர் வாங்கியவர், இவ்வளவு பெரிய மேடையில் அதுவரை ஆடியதே இல்லை. இந்த ஐவருக்கும் யாரும் பெரிதாக மதிப்புக் கொடுக்கவில்லை.

கணக்குப் புத்தகத்தில் தியாக விகிதம் என்று ஒன்று வரும், ஞாபகம் இருக்கிறதா? புதுக் கூட்டாளியைச் சேர்க்கும்போது பழைய கூட்டாளிகள் தங்கள் பங்கில் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறார்கள் என்ற கணக்கு. பழைய பங்கிலிருந்து புதிய பங்கைக் கழித்தால் வருவது. பரீட்சைக்காக எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறேன், அந்தப் பெயரில் இருக்கும் தியாகம் என்ற சொல்லை நின்று பார்த்ததில்லை. ஓஜியில் அது கண்ணெதிரே நடந்தது. பாஸ்டனிலும் கீவிலும் நோட்டெய்ல் ஒன்றாம் நம்பர் ஆட்டக்காரர். தங்கம் முழுக்க அவர் பக்கம் வரும். இப்போது அந்த இடத்தை 18 வயது அனாவுக்குக் கொடுத்தார். நடு இடத்தை, நேற்று வந்த டாப்சனுக்கு. அணியைத் தொடங்கியவர், தலைவர், இத்தனை பட்டம் வாங்கியவர், தனக்கு எடுத்துக்கொண்டது ஐந்தாம் நம்பர். ஃப்ளை காலி செய்துவிட்டுப் போன அதே நாற்காலி.

தகுதிச் சுற்றைத் தாண்டி, ஆகஸ்டில் கனடாவின் வான்கூவர் நகரத்துக்குப் போனார்கள். ஜெயித்துக்கொண்டே போனதில், நாக் அவுட் கட்டத்தில் எதிரே வந்து நின்றது ஈவில் ஜீனியசஸ். மேஜைக்கு அந்தப் பக்கம் ஃப்ளை, எஸ்ஃபோர், கிரிட். மூன்று ஆட்டம் நடந்தது, ஓஜி 2-1. பேரன் அந்த ஆட்டத்தின் பதிவை எனக்காக இரண்டாம் முறை போட்டான். முடிந்ததும் கை குலுக்கும் இடத்தில் யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை. பங்கு பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அப்படி.

இறுதிப் போட்டி, சீனாவின் எல்ஜிடி அணியோடு. ஐந்து ஆட்டத்தில் மூன்று ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டம் ஓஜிக்கு, அடுத்த இரண்டும் சீன அணிக்கு. நான்காவதில் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். அந்த ஆட்டத்தில் செப் எடுத்த பாத்திரம் ஆக்ஸ், கையில் கோடாரி வைத்திருக்கும் முரட்டு ஆள். அணி சரிந்துகொண்டிருந்த கட்டத்தில், எதிரிகள் நடுவே தனியாகக் குதித்து, அவர்கள் எல்லோரையும் தன்னையே அடிக்க வைத்துப் பிடித்து நிறுத்திவிட்டார். ஆட்டம் அங்கே திரும்பியது. வர்ணனையாளர் அவர் பெயரைக் கத்தியதை இன்றும் இந்தப் பிள்ளைகள் கத்திக் காட்டுவார்கள், பின்வரிசையில் கேட்டுப் பாருங்கள். நான்காவதை ஜெயித்தார்கள், ஐந்தாவதையும் ஜெயித்தார்கள். வால்வ் இதை ஒரு ஆவணப்படமாகவே எடுத்திருக்கிறது. ஆட்டக்காரர்கள் கண்ணாடி அறைக்குள் பேசிக்கொண்டது அப்படியே இருக்கிறது. டோட்டா தெரியாதவர்களும் பார்க்கலாம்.

பரிசு 1 கோடியே 12 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் 75 கோடி ரூபாய்க்கு மேல். இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்கும் கேள்வி இருந்தது, வங்கிக்காரன் இல்லையா. வால்வ் தன் பங்காக 16 லட்சம் டாலர் வைத்தது. மீதி ரசிகர்கள் கொடுத்தது. ஆட்டத்துக்குள் பயன்படும் அலங்காரப் பொருள்கள் கொண்ட ஒரு பாஸை அப்போது விற்றார்கள், விற்ற தொகையில் 25 சதவீதம் பரிசுக்குப் போனது. அப்படிச் சேர்ந்தது அந்த வருஷம் மொத்தம் 2 கோடியே 55 லட்சம் டாலர். ஒவ்வொரு நூறு ரூபாயிலும் 75 கம்பெனிக்குப் போனது என்பதையும் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். இந்த மாதிரி எதையாவது வாங்கிக் கொடு என்று பிள்ளை கேட்டால் பரிசுக்கு நன்கொடை என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

அடுத்த வருஷத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோப்பை கைக்கு வந்ததும் அனா மறுபடி ஓய்வு எடுத்தார். அவர் இடத்தில் இரண்டு பேரை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள், ஒட்டவில்லை. 2019 மார்ச்சில் அனா திரும்பினார். ஆகஸ்டில் ஷாங்காய் நகரில் உலகக் கோப்பை. இறுதியில் எதிரே லிக்விட் அணி. அதன் தலைவர் குரோகி, நோட்டெய்லோடு சீக்ரெட்டில் ஒன்றாக இருந்தவர். அதில் இன்னொருவர் மிராக்கிள், ஓஜியின் முதல் ஐவரில் ஒருவர். இந்த உலகம் அவ்வளவு சின்னது. ஓஜி 3-1 என்று ஜெயித்து, இந்தக் கோப்பையை இரண்டு முறை வென்ற முதல் அணி ஆனது. அதே ஐந்து பேர். அந்தத் தொடரில் அனா செய்த ஒரு காரியத்தை நானே ரசித்தேன். ஐயோ என்றொரு பாத்திரம் உண்டு (நம் ஐயோ இல்லை, பெயரே அதுதான்), ஒளி உருண்டை மாதிரி இருக்கும், எப்போதும் அடுத்தவருக்குத் துணையாக மட்டுமே ஆடப்படுவது. அதை ஒன்றாம் நம்பராக வைத்து அடித்தார்.

பரிசு 1 கோடியே 56 லட்சம் டாலர், ரூபாயில் 110 கோடி அளவுக்கு. நோட்டெய்லின் வாழ்நாள் பரிசுத் தொகை 70 லட்சம் டாலரைத் தாண்டி, இ-ஸ்போர்ட்ஸில் அதிகம் சம்பாதித்தவர் என்று பல வருஷம் முதலிடத்தில் இருந்தார். களத்தில் குறைந்த தங்கம் எடுத்துக்கொண்ட ஆள். தங்கத்தைத்தான் விகிதப்படி பிரித்தார்கள், பரிசு அணிக்கு வந்தது. ஒரு வார்த்தை பெற்றோர்களுக்கு: இந்த எண்ணைப் பார்த்துவிட்டுப் பையனுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கக் கடைக்கு ஓடாதீர்கள், பையனும் இதைக் காட்டிப் படிப்பை விடக் கூடாது. திறந்த தகுதிச் சுற்றிலேயே தோற்று வீட்டுக்குப் போனவர்கள் பட்டியலை எந்த இணையதளமும் முதல் பக்கத்தில் போடுவதில்லை.

இனி நற்பெயர். நிறுவனம் தானாகச் சம்பாதித்த நற்பெயரை இருப்புநிலைக் குறிப்பில் எழுதுவதில்லை. கட்டடம் தெரியும், மேஜை நாற்காலி தெரியும், அது தெரியாது. ஒரு கூட்டாளி வரும்போதோ போகும்போதோதான் அதற்கு என்ன மதிப்பு என்று உட்கார்ந்து கணக்குப் போடுவோம். ஓஜியின் கணக்கை இரண்டு முறை அப்படிப் போட்டுப் பார்க்க வேண்டி வந்தது. ஒன்று 2018-இல். இரண்டாவது, வெற்றிக்குப் பிறகு.

2020 ஜனவரியில் ஜெராக்ஸ் ஓய்வு பெற்றார். அனா மறுபடி விடுப்பு. செப் பின்னால் போனார். பாகிஸ்தானில் பிறந்த சுமெயில், மலேசியாவின் மிட்ஒன், வட மாசிடோனியாவின் சக்சா என்று மூன்று பெரிய பெயர்களைச் சேர்த்தார்கள். தனித்தனியாகப் பார்த்தால் முந்தைய ஐவரைவிடப் புகழ் அதிகம் என்றுகூடச் சொல்லலாம். கொரோனாவால் அந்த வருஷம் உலகக் கோப்பையே நடக்கவில்லை. சில மாதத்தில் சுமெயில் போனார், செப் மறுபடி ஆட வந்தார். அப்புறம் மிட்ஒன் போனார். 2021-இல் அனா வந்தார், இரண்டே மாதத்தில் நிரந்தர ஓய்வு என்று அறிவித்தார். போன சுமெயில் திரும்பி வந்தார். நான் சொல்லும்போதே உங்களுக்குத் தலை சுற்றுகிறது, அவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்! அந்த அக்டோபரில் ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில், கடைசியில் கோப்பையை வென்ற ஸ்பிரிட் அணியிடம் தோற்று வெளியேறினார்கள். அடுத்த மாதமே நோட்டெய்ல் காலவரையற்ற ஓய்வில் போனார், டாப்சனும் ஒதுங்கினார்.

ஆக, இரண்டு கோப்பை வாங்கிய ஐவரில் ஒருவர்கூட மேஜையில் இல்லை. பெயர் மட்டும் மிச்சம். அந்தப் பெயருக்குள் பல்கேரியா, ஜோர்டான், நார்வே, ரஷ்யா என்று நான்கு திசையிலிருந்து இளைஞர்கள் வந்து உட்கார்ந்தார்கள். செப் பயிற்சியாளர் வேலைக்குத் திரும்பினார்.

என் கேள்வி இதுதான்: இது அதே ஓஜியா? சட்டப்படி மறுசீரமைக்கப்பட்ட நிறுவனம், அதே பெயர், அதே கணக்கு. பேரன் "கிடையவே கிடையாது, அது வேற டீம்" என்றான். நான் ஓர் ஆதாரம் காட்டினேன். 2022 மே, ஸ்டாக்ஹோம் மேஜர். ரஷ்யாவைச் சேர்ந்த மிஷாவுக்கு விசா கிடைக்கவில்லை. ஐந்தாம் நம்பர் நாற்காலி காலி. கடைசி நேரத்தில் செப் அதில் போய் உட்கார்ந்தார். மூன்றாம் இடத்தில் ஆடி ஆக்ஸ் எடுத்துப் புகழ் வாங்கிய மனிதர், தன்னைவிடப் பல வயது இளைய பையன்களுக்குக் கண்காணிப்புப் பொருள் பதித்துக்கொண்டு, மிச்சம் மீதித் தங்கத்தில் ஆடினார். இறுதியில் அமெரிக்காவின் டிஎஸ்எம் அணியை வீழ்த்திப் பட்டம் ஓஜிக்கு. ஃப்ளையிடமிருந்து நோட்டெய்லுக்கு, நோட்டெய்லிடமிருந்து மிஷாவுக்கு, அந்த ஒரு போட்டிக்கு செப்புக்கு என்று கைமாறி வந்த நாற்காலி அது.

பேரன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அது செப் இருந்ததால, தாத்தா" என்றான். நானும் அதைத்தானே சொல்கிறேன் என்றேன். அவன் ஒத்துக்கொள்ளவில்லை. 2023 உலகக் கோப்பைக்கு ஓஜி தகுதியே பெறவில்லை என்பதை எடுத்துக் காட்டினான். அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

செயலாளர் மணியைப் பார்க்கிறார், சுண்டலும் வந்துவிட்டது. கேள்வி இருப்பவர்கள் ஆட்டம் பற்றி என்றால் பின்வரிசையைக் கேளுங்கள், கணக்கு பற்றி என்றால் என்னைக் கேளுங்கள்.